கேபினெட் முகப்புக்கு பெயிண்ட்: நகம் பட்டாலும் உரியாமல் இருக்க

வாசகர் கேள்வி: 2003இல் வாங்கிய கம்ப்யூட்டர் கேபினெட்டை இன்னும் வைத்திருக்கிறேன். முகப்பு பிளாஸ்டிக் மஞ்சளேறிவிட்டது. கழற்றி, துணியால் துடைத்து, மொட்டை மாடியில் வைத்து ஸ்ப்ரே கேனில் பளபளப்புக் கறுப்பு அடித்தேன். நான்கு நாளாகியும் விரலை அழுத்தினால் ரேகை பதிகிறது. பவர் பட்டன் ஓரத்தில் நகம் பட்டதும் தோல் மாதிரி உரிந்து வந்தது. பரப்பும் மழமழப்பாக இல்லை, ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. மேலே இன்னொரு கோட் அடித்தால் சரியாகிவிடுமா?

பதில்: இன்னொரு கோட் அடிக்காதீர்கள். அடியில் இருப்பது காயவில்லை, பிளாஸ்டிக்கைப் பிடிக்கவும் இல்லை. அதன் மேல் எதைப் போட்டாலும் சேர்ந்தேதான் உரியும். பெயிண்ட் உரிந்ததும், பெரும்பாலான புள்ளிகளும், நீங்கள் கேனைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டவை. ரேகை பதிவது மட்டும் அடித்த விதத்தால் வந்தது.

முதலில் இப்போது இருக்கும் பெயிண்டை எடுக்க வேண்டும். பெயிண்ட் கடையில் கேட்டால் தின்னரையோ பெயிண்ட் ரிமூவரையோ எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டும் வேண்டாம். நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோன் இந்த பிளாஸ்டிக்கைக் கரைத்தே விடும். என்.சி. தின்னரும் (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டுக்குக் கலப்பது) மேற்பரப்பைக் குழைத்து, பிறகு மெல்லிய விரிசல்களை விட்டுவிட்டுப் போகும். தளர்ந்திருக்கும் இடங்களில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி இழுங்கள், பாதி அதிலேயே வந்துவிடும். மிச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். மொபைல் சர்வீஸ் செய்பவர்கள் ஐபிஏ என்பார்களே, அதுதான். முதலில் முகப்பின் உள்பக்கம் ஒரு மூலையில் சோதித்துவிட்டு வெளியே வாருங்கள். அதற்கும் அசையாதது 320 நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் கூடக் கூட நைசாகும்) போய்விடும்.

அப்புறம் முகப்பைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். எந்த பிளாஸ்டிக் என்று சிறிய எழுத்தில் பொறித்திருப்பார்கள். பெரும்பாலும் ஏபிஎஸ் என்றிருக்கும். அப்படியானால் கவலையில்லை, பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும் பிளாஸ்டிக் அது. பிபி என்று இருந்தால் பாலிபுரொப்பிலீன். அதன் மேல் பெயிண்ட் தாமரை இலைத் தண்ணீர்தான். அட்ஹீஷன் புரமோட்டர் என்று கார் பெயிண்ட் கடைகளில் கிடைக்கும் திரவத்தை முதலில் அடிக்காமல் எதுவும் நிற்காது. எழுத்தே இல்லையென்றால் உடைந்த கிளிப் துண்டு ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள். ஏபிஎஸ் மூழ்கும், பாலிபுரொப்பிலீன் மிதக்கும்.

துணியால் துடைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உரிந்ததற்கு அதுதான் முதல் காரணம் என்பேன். இருபது வருடக் கை வியர்வை, சமையலறை எண்ணெய்ப் புகை, எப்போதோ போட்ட பாலிஷ் எல்லாம் அந்தப் பிளாஸ்டிக் மேல் படிந்திருக்கும். உலர்ந்த துணி அதை எடுக்காது, பரப்பித்தான் விடும். பாத்திரம் கழுவும் திரவமும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். இடுக்கு இடுக்காகத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் ஒரே ஏடாகப் படர்கிறதா என்று பாருங்கள். முத்தாக நின்றால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கலாம், திரும்பக் கழுவுங்கள். கார் டேஷ்போர்டுக்குப் போடும் சிலிகான் பாலிஷ் எப்போதாவது பட்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது கொஞ்சம் மிஞ்சினாலும் பெயிண்ட் மீன் கண் போல வட்ட வட்டமாக விலகி நிற்கும்.

இனி அந்த மழமழப்பு. பழைய முகப்புகளில் கண்ணுக்குத் தெரியும் ஒரு சொரசொரப்பு உண்டு. அச்சிலேயே வேண்டுமென்று வைத்தது. பெயிண்ட் அதை நிரப்பாது. பள்ளத்தில் எவ்வளவு விழுகிறதோ மேட்டிலும் அவ்வளவே விழும். பளபளப்புக் கறுப்போ அதை மறைப்பதற்குப் பதில் இன்னும் எடுத்துக் காட்டும். ஆகவே 240 நம்பரில் தொடங்கி 320, 400 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து அந்த மேடுகளை இறக்குங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரத் திரவம் விட்டால் தாள் அடைக்காது. தாளை விரல் நுனியால் பிடித்துத் தேய்த்தால் விரல் வாட்டத்துக்குக் குழி விழும். பள்ளிக்கூட அழிப்பான் ஒன்றில் சுற்றிக்கொள்ளுங்கள், தட்டையான பரப்புக்கு அது அருமையான கட்டை. விளிம்புகளை மட்டும் கடைசியில், லேசாக, இரண்டே இழுப்பு.

இதன் மேல் சர்ஃபேஸர் வகை பிரைமர் இரண்டு மூன்று மெல்லிய கோட். தேய்த்தும் மிஞ்சிய நுண்பள்ளங்களை அடைப்பது இதன் வேலை. லோகோவைப் பிடுங்கிய துளை, ஆழமான கீறல் இருந்தால் பிரைமருக்கு முன்பே, ஹார்டனர் (இறுக வைக்கும் பொருள்) கலந்து போடும் கார் பட்டியால் அடைத்துவிடுங்கள். பிரைமர் காய்ந்ததும் கார் பட்டறைக்காரர்கள் செய்யும் ஒரு காரியம் இங்கே பெரிதும் உதவும். சாம்பல் நிற பிரைமர் மேல் தூரத்திலிருந்து கறுப்பை ஒரு தூவல் தூவி, காய்ந்தபின் 600 நம்பரில் தேய்ப்பார்கள். மேடான இடத்தில் கறுப்பு உடனே போய்விடும், பள்ளத்தில் புள்ளியாக நிற்கும். அந்தக் கடைசிப் புள்ளியும் மறையும் வரை தேய்த்தால் பரப்பு சமம். நடுவில் பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தால் அங்கே பிரைமரைத் திரும்ப அடியுங்கள். முழு வேலையில் முக்கால் பங்கு நேரம் இங்கேதான் போகும், போகவும் வேண்டும். எல்லோரும் அவசரப்படுவதும் இங்கேதான்.

பவர் பட்டன் ஓரம் உரிந்ததற்கு அழுக்கு தவிர இன்னொரு காரணமும் உண்டு. பிரைமர், வண்ணம், அதன் மேல் அடிக்கும் நிறமற்ற கிளியர் எல்லாம் சேர்ந்தால் 0.1 மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன் கூடும். பட்டனுக்கும் துளைக்கும் இடையே இருக்கும் சந்தே மிகச் சிறியது. இரண்டு பக்கமும் பெயிண்ட் ஏறினால் ஒவ்வொரு அழுத்தலிலும் உரசிக் கிழியும். பட்டனைக் கழற்றித் தனியாக அடியுங்கள். அதன் பக்கச் சுவரையும் துளையின் உட்சுவரையும் முன்பே தேய்த்து இறக்கி, அங்கே வண்ணம் நிழல் போல விழுந்தால் போதும் என்று விடுங்கள். கிளிப்புகள், யூஎஸ்பி துளைகள், எல்இடி வெளிச்சம் வரும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குச்சி எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள்.

வண்ணம் அடிக்க நாளைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். சித்திரை வெயில் உச்சியில் அடித்தால் துளிகள் பரப்பில் விழுந்து படர்வதற்குள் காய்ந்துவிடும். உங்கள் ஆரஞ்சுத் தோலில் ஒரு பங்கு அப்படியும் வந்திருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் வேறு தொல்லை. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிரும், காற்றின் ஈரம் அதில் பனியாகப் படியும், பெயிண்ட் வெளுக்கும். மார்கழி மாலை ஒன்றில் மாடியில் அடித்துவிட்டு இறங்கினேன். காலையில் பார்த்தபோது கறுப்பு முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. எல்லாவற்றையும் தேய்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. மழையில்லாத நாளில் காலை ஒன்பது, பத்து மணி, காற்று வீசாத நிழல், தூசி எழாமல் தண்ணீர் தெளித்த தரை, இதுதான் சரி. கேனில் இருப்பதும் வெளிவரும் வாயுவும் தீப்பற்றும். விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் இரண்டு நிமிடம் கேனைக் குலுக்குங்கள். ஒரு சாண் தூரம் தள்ளிப் பிடித்து, முகப்புக்கு வெளியே தொடங்கி வெளியே போய் விரலை எடுங்கள். முதல் கோட் வெறும் தூறல், அடியில் பிரைமர் தெரிய வேண்டும். பத்து நிமிடம் கழித்து அடுத்தது. இப்படி மூன்று நான்கில் நிறம் மூடும். நீங்கள் ஒரே கோட்டில் கறுப்பாக்கிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி அடித்தால் மேலே ஆடை கட்டி, கரைப்பான் உள்ளே சிறைப்படும். ரேகை பதிவது அதனால்தான். சில எனாமல் கேன்களில் மறு கோட்டை ஒரு மணி நேரத்துக்குள் அடி, தவறினால் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து அடி என்று போட்டிருப்பார்கள். அதை மீறினால் பெயிண்ட் சுருங்கி மடிப்பு மடிப்பாக எழும். பிரைமர், வண்ணம், கிளியர் மூன்றையும் ஒரே கம்பெனியில், ஒரே வகையில் வாங்குவது பாதுகாப்பு.

நீடித்து உழைப்பது கிளியர் கோட்டைப் பொறுத்தது. கேனில் வரும் சாதாரண கிளியர் காட்சிக்கு நன்றாக இருக்கும், ஆனால் சானிடைசர் பட்டால் மங்கும். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே கிளியர்தான் உறுதி. அதை மட்டும் வீட்டில் அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி மாஸ்க்கால் அதைத் தடுக்க முடியாது, பட்டறையில் வெளிக்காற்றைக் குழாயில் கொடுக்கும் முகமூடி வேண்டும். வண்ணம் வரை நீங்கள் முடித்து, தெரிந்த கார் பெயிண்டிங் பட்டறையில் கொடுத்தால் பம்பருக்குக் கிளியர் அடிக்கும்போது இதையும் சேர்த்து அடித்துத் தருவார்கள். சூட்டறையில் வைப்பதாக இருந்தால் 60 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், முகப்பு கோணிவிடும்.

கேன் பெயிண்ட் ஒரு நாளில் தொடக் காயும், முழுதாக இறுக ஒரு வாரம், ஈரக் காலத்தில் இன்னும் கூட ஆகும். மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். வாசனை இருந்தால் உள்ளே இன்னும் கரைப்பான் இருக்கிறது, மாட்டாதீர்கள். வாசனை போனபின் 2000 நம்பரில் ஈரமாக மென்மையாகத் தேய்த்து, ரப்பிங் கம்பவுண்ட் என்ற மெருகேற்றும் பசையைக் கையால் போட்டால் கண்ணாடிப் பளபளப்பு வரும். மெஷின் வேண்டாம், சூட்டில் ஓரங்கள் உரிந்துவிடும். முதல் தடவை என்பதால் மேட் கறுப்பை யோசித்துப் பாருங்கள் என்பேன். சிறு பிழைகளை அது மன்னிக்கும், ஆனால் அதைத் தேய்த்துப் பாலிஷ் போட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். டிவிடி டிரைவின் மூடி, காலி இடங்களின் மூடிகள் எல்லாவற்றையும் முகப்போடு சேர்த்து அதே நாளில், அதே கேனில் அடித்துவிடுங்கள். பிறகு தனியாக அடித்தால் ஒரே கறுப்பு என்று வாங்கினாலும் பக்கத்தில் வைக்கும்போது நிறம் வேறாகத் தெரியும்.