லாரிக்குப் புது பேட்டரி போட்டு நாலு மாதம்தான் ஆகிறது. காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவை (ஆல்டர்னேட்டர்) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

மீட்டர் வைத்துப் பார்க்காமல் யாராவது டைனமோவை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள்.

உங்களுடையது இரண்டு 12 வோல்ட் பேட்டரியை சீரிஸில் (ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு) கோத்த 24 வோல்ட் வண்டி என்று வைத்துக்கொள்கிறேன். குட்டி யானை மாதிரி 12 வோல்ட் வண்டியாக இருந்தால் இரண்டு பேட்டரி சேர்த்துச் சொல்லும் எண்களைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

பாட்டு செட்டுக்கும் செல்போன் சார்ஜருக்கும் கேபின் ஃபேனுக்கும் 12 வோல்ட் எங்கிருந்து வருகிறது? எர்த் பக்கத்துப் பேட்டரியின் (மைனஸ் வண்டி பாடியோடு சேர்ந்திருப்பது) பிளஸ்ஸிலிருந்து ஒரு ஒயர் இழுத்திருந்தால் என் சந்தேகம் அதன் மேல்தான். 2 ஆம்பியர் ஃபேன் ராத்திரி 8 மணி நேரம் ஓடினால் அந்த ஒரு பேட்டரியில் மட்டும் 16 ஏஹெச் (ஆம்பியர்-மணி) காலி. காலையில் வண்டி ஓடும்போது இரண்டுக்கும் ஒரே கரண்ட்தான் போகும். நிறைந்த பேட்டரி சீக்கிரமே 15 வோல்ட்டுக்கு ஏறிவிடும், குறைந்தது 13-லேயே நிற்கும். கூட்டினால் 28. டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குத் தெரிவது அந்த 28 மட்டும்தான், அதனால் சார்ஜை மட்டுப்படுத்திவிடும். ஒரு பேட்டரி தினமும் கொதித்துத் தண்ணீர் வற்றுகிறது, இன்னொன்று அரைப் பட்டினியிலேயே கிடந்து தட்டில் சல்ஃபேட் பிடிக்கிறது. புது பேட்டரிக்கும் நாலு மாதம் போதும்.

சோதிப்பது எளிது. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளங்கள். (ஓடி வந்து நிறுத்தியதும் அளந்தால் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும்.) 12.6 என்றால் நிறைவு, 12.2 பாதி, 12.0 கால்வாசி. பிறகு ஹெட்லைட் போட்டு 1500 ஆர்பிஎம்மில் இரண்டையும் சேர்த்து அளங்கள். 27.5 முதல் 28.5 வரை வரவேண்டும். அது வந்து, தனித்தனியே பார்க்கும்போது ஒன்று 13.2, மற்றது 15 என்று காட்டினால் டைனமோ மேல் குற்றமில்லை.

சேர்த்து அளந்தும் 26-ஐத் தாண்டவில்லையா? அப்போதும் டைனமோவைக் கழற்றும் முன் பெல்ட்டைப் பாருங்கள். அடுத்து சார்ஜ் லைட். சாவி போட்டதும் அது எரிய வேண்டும். பல டைனமோக்களுக்கு முதல் ஃபீல்டு கரண்ட் (உள்ளே காந்தத்தை உண்டாக்குவது) அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜே தொடங்காது. பிறகு எல்லா லைட்டையும் போட்டு, டைனமோ பி பிளஸ்ஸுக்கும் (சார்ஜ் வெளியே வரும் முனை) பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே அளந்தால் 0.5 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.2. கூடினால் லக்கோ (ஒயர் நுனியில் மாட்டும் வளையம்) எர்த் ஒயரோ அரித்திருக்கிறது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் அளந்து 0.5-க்கு மேல் வந்தால் டைனமோவுக்குள் ஏசியை டிசியாக்கும் டயோடு போயிருக்கிறது. டயோடு, கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். முழு டைனமோவை விற்கத்தான் கடைக்காரருக்கு ஆசை.

ராத்திரி சும்மா நிற்கும்போது இறங்குகிறது என்றால், எல்லாவற்றையும் அணைத்து, மைனஸ் ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரை 10 ஆம்பியரில் வையுங்கள். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டர் போய்விடும், ஜாக்கிரதை. 0.05 ஆம்பியர் சரி. ஜிபிஎஸ் இருந்தால் கொஞ்சம் கூடும். 1 ஆம்பியர் காட்டினால், லோடுக்காக இரண்டு நாள் நிற்கும் வண்டியில் 48 ஏஹெச் போய்விடும். ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். எதிலும் குறையவில்லை என்றால் டைனமோவின் பி பிளஸ் ஒயரைக் கழற்றுங்கள். அதில் குறைந்தால் டயோடு கசிகிறது.

"இன்ஜின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றிப் பார், அணையாவிட்டால் டைனமோ நல்லது, முப்பது வருஷமா இப்படித்தான் பார்க்கிறோம்" என்று கமெண்டில் யாராவது வருவார்கள். பழைய வண்டியில் ஈசிஎம் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) கிடையாது ஐயா. இப்போது அப்படிச் செய்தால் வோல்ட்டேஜ் எகிறி, பேட்டரி விலையைப் போலப் பல மடங்கு செலவு வைக்கும். பிஎஸ்-6 வண்டியில் நிறுத்திய கையோடு பேட்டரி சுவிட்சையும் அணைக்காதீர்கள். ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் செய்யும் திரவம்) பம்ப் குழாயிலிருக்கும் திரவத்தை உறிஞ்சி முடிக்க ஓரிரு நிமிடம் வேண்டும்.

ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுப்பதற்குத் தீர்வு, 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வர்ட்டர். 10 ஆம்பியர் போதும். உள்ளே போகும் ஒயரை இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து எடுத்து ஃபியூஸ் போடுங்கள். அதற்கு முன் இரண்டையும் தனித்தனி 12 வோல்ட் சார்ஜரில் நிரப்புங்கள். 100 ஏஹெச்சுக்கு 10 ஆம்பியர். பிறகு ஹைட்ரோமீட்டரில் (ஆசிட்டின் அடர்த்தியை அளப்பது) செல்லுக்குச் செல் 0.040-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த பேட்டரி தேறாது. மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். வற்றிய செல்லுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆசிட்டும் வேண்டாம், கேன் தண்ணீரும் வேண்டாம்.

கேட்காத விஷயம்தான், ஆனாலும் சொல்கிறேன். பேட்டரி செத்தால் "ராத்திரி ஃபேன் போட்டாயா" என்று டிரைவர் பேட்டாவில் பிடிக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு 2025-ல் ஏசி கேபின் கட்டாயம் என்றாகிவிட்டது. ஆனால் அந்த ஏசி இன்ஜின் ஓடினால்தான் ஓடும். மே மாதத்தில் ரோட்டோரம் வண்டியை அணைத்துவிட்டுப் படுப்பவன் ஃபேன் போடாமல் எப்படித் தூங்குவான்? கன்வர்ட்டரை முதலாளி காசில் வாங்கிப் போடச் சொல்லுங்கள்.