128 வாங்கினால் 119 ஏன்?

கேள்வி: ஜெராக்ஸ், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம் செய்து தரும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். 2016-இல் வாங்கிய லேப்டாப். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு 128 ஜிபி எஸ்எஸ்டி போட்டு மூன்று வருடம் ஆகிறது. இப்போது சி டிரைவ் சிவப்பாகி, 3 ஜிபிதான் மிச்சம். டீஃப்ராக் செய்தால் சரியாகுமா? 128 என்று வாங்கியது 119 என்றே காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: கடைக்காரரைத் திட்டாதீர்கள் அம்மா. தயாரிப்பவர்கள் கேபி, எம்பி, ஜிபி என்று ஒவ்வொரு படியையும் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. குறைந்ததுபோலத் தெரிவது அந்தக் கணக்கில்தான்.

டீஃப்ராக் வேண்டாம். சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் வேலை அது. தட்டு சுற்றும் பழைய டிஸ்குக்கான வைத்தியம், இடமும் மிச்சமாகாது. எஸ்எஸ்டியில் தட்டே கிடையாது, சிப்பில் சேமிக்கும். அதில் எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. ஒரு பெரிய பிளாக்கை மொத்தமாக அழித்தால்தான் உண்டு. அதற்குமுன் அதிலுள்ள நல்ல தகவலை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். 3 ஜிபியில் எங்கே மாற்றும்? திணறத்தான் செய்யும். 15 ஜிபியாவது எப்போதும் காலியாக இருக்கட்டும்.

எனக்குச் சந்தேகம் உங்கள் ஸ்கேனர் மேல். ஏ4 பக்கம் ஒன்றை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) கலரில், சுருக்காத பிஎம்பி படமாகச் சேமித்தால் ஏறக்குறைய 100 எம்பி. பத்துப் பக்கப் பத்திரம் ஒன்றே ஒரு ஜிபி! 300 டிபிஐ, சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் என்று மாற்றுங்கள். பக்கத்துக்கு ஒன்றிரண்டு எம்பியில் முடியும், பட்டாவில் ஓர் எழுத்தும் கலங்காது. என் மைத்துனர் கடையில் இப்படித்தான் 'நியூ ஃபோல்டர் 7' வரை திறந்து பார்த்தேன்: ஒரே ஆளின் ரேஷன் கார்டு நான்கு இடத்தில். அடுத்தவர் ஆதாரையெல்லாம் நாம் ஏன் வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டும்? அழித்தபின் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' இருக்கும். பழைய அப்டேட் குப்பையை அங்கே நீக்கலாம். அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்'ஸும் இருக்கும், அதில் டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க் பீரோவில்தானே கிடக்கிறது? ஒரு யூஎஸ்பி கேஸ் வாங்கி அதில் போட்டு, ஸ்கேன்களை அங்கே தள்ளிவிடுங்கள். முக்கியமானவற்றுக்குப் பென் டிரைவில் இன்னொரு நகல் வேண்டும். அந்த டிஸ்குக்கும் லேப்டாப்பின் வயதுதான்.