வாரம் ஒருமுறை எண்ணினால் மெகலோப்பா கணக்கு தப்பும்

கேள்வி: வெள்ளாற்றுக் கழிமுகத்தில் நண்டு மெகலோப்பா (குட்டி நண்டாவதற்கு முந்தைய கடைசி இளம்புழு நிலை) எத்தனை வந்து தங்குகின்றன என்று பார்க்க, பிவிசி குழாயில் நார் உறை சுற்றித் தொங்கவிட்டிருக்கிறேன். வாரம் ஒருமுறை எடுத்தால் பெரும்பாலும் பூச்சியம். ஒரே ஒரு வாரம் நாற்பது. எங்கே பிசகு?

பதில்: அந்த 'வாரம் ஒருமுறை'யில்தான். நாரைப் பற்றிய மெகலோப்பா சில நாளில் தோலுரித்துக் குட்டி நண்டாகி இறங்கிப் போய்விடும். இருப்பவை ஒன்றையொன்று தின்னும். ஏழாம் நாள் நீங்கள் எண்ணுவது மிஞ்சியவற்றை, வந்தவற்றை அல்ல. பெரும்பாலும் இரவு ஏற்றத்தில்தான் (கடல் நீர் ஏறும்போது) உள்ளே வரும். ஆகவே தினமும் காலையில் ஒரே நேரத்தில் உறையை மாற்றுங்கள்.

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நீல நண்டுக்குப் பயன்பட்ட உருளையும் இதே வகைதான்: சுமார் 16 செ.மீ. விட்டம், 37 செ.மீ. நீளம், ஏசி வடிகட்டியின் முரட்டு நார். மேலே மிதவை, கீழே எடை. கம்பத்தில் இறுக்கிக் கட்டினால் வற்றத்தில் உருளை வெளியே வந்துவிடும், அன்றைய எண் வீண்.

புது உறையைச் சில நாள் அதே ஆற்று நீரில் ஊறவைத்த பிறகே பயன்படுத்துங்கள். எல்லா உறைகளும் ஒரே அளவு ஊறியிருக்க வேண்டும். பாசி ஏறியதையும் புதியதையும் கலந்தால் ஒப்பிட முடியாது.

எடுக்கும்போது நீருக்குள்ளேயே வாளியை அடியில் கொடுத்துத் தூக்குங்கள், இல்லாவிட்டால் பாதி வழிந்துவிடும். உறையைக் கழற்றி நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் போடுங்கள். உப்பு திடீரெனக் குறைவதால் இடுக்கிப் பிடி தளரும். அலசி, 500 மைக்ரான் சல்லடையில் வடித்து, இன்னொரு முறை அலசுங்கள். முதல் சில நாள் உறையைக் கையால் பிரித்துப் பாருங்கள். இரண்டாம் அலசலுக்குப் பிறகும் கிடைத்தால் மூன்றாவது தேவை.

வால் பின்னால் நீட்டியிருந்தால் மெகலோப்பா, வயிற்றடியில் மடிந்திருந்தால் குட்டி நண்டு. தனித்தனியாக எழுதுங்கள். இனம் பிரிப்பதுதான் தலைவலி: நீலக்கால் நண்டு, முக்கண்ணன், சேற்று நண்டு ஆகியவற்றின் மெகலோப்பாவைக் கண்ணால் பிரித்தேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சிலவற்றை உயிரோடு வளர்த்துப் பாருங்கள். மற்றவற்றை எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ சோதனை கடினம்.

ஓரிடத்துக்கு மூன்று உருளையாவது வேண்டும். அமாவாசை, பௌர்ணமி இரண்டும் அடங்க ஒரு மாதமாவது தொடருங்கள். வரத்து கொத்துக் கொத்தாக இருப்பது இயல்பு. பல நாள் பூச்சியம் வருவதும் தரவுதான். கயிறு அறுந்து உருளை காணாமற்போன நாளுக்கு மட்டும் பூச்சியம் எழுதாமல் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.