ஸ்கேன் சீட்டும் பில்லும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: இடுப்பு எம்.ஆர்.ஐ.க்கு ஆஸ்பத்திரியில் 9,500 ரூபாய் கேட்கிறார்கள். வெளியே ஒரு சென்டரில் 5,200. மலிவானது மட்டமாக இருக்குமோ? (திருச்சி)

பதில்: இரண்டும் ஒரே ஸ்கேன்தானா என்று முதலில் பாருங்கள். போனில் "இடுப்பு" என்றால், அது முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியா இடுப்பு மூட்டா என்று எதிரே இருப்பவருக்குத் தெரியாது. டாக்டர் எழுதிய சீட்டைப் போட்டோ எடுத்து மூன்று சென்டர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பிளெயினா, கான்ட்ராஸ்டா (படம் தெளிய ஊசியில் மருந்து போட்டு எடுப்பது)? முழு முதுகுத்தண்டு ஸ்கிரீனிங் இந்த விலைக்குள் வருமா? பிலிம், சி.டி., ரிப்போர்ட் எல்லாம் சேர்ந்ததா? மெஷின் எத்தனை டெஸ்லா (காந்தத்தின் வலுவைச் சொல்லும் அளவு)? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

டிஸ்க் நழுவியிருக்கிறதா என்று பார்க்க 1.5 டெஸ்லா தாராளம். 3 டெஸ்லா என்று சொல்லிக் கூடுதல் காசு கேட்டால், உங்கள் நோய்க்கு அது எதற்கு என்று டாக்டரிடம் கேளுங்கள். 0.3, 0.4 டெஸ்லா திறந்தவகை மெஷின்களில்தான் படம் சற்று மங்கும், நேரமும் கூடும். விலை அதனால் குறைவு என்றால் யோசிக்க வேண்டும். மற்றபடி 9,500க்கும் 5,200க்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரியின் கட்டட வாடகை. அட்மிட் ஆனபிறகு எடுத்தால் அறையின் தரத்துக்கேற்ப ஸ்கேன் கட்டணம் ஏறும் இடங்களும் உண்டு. அவசரம் இல்லை என்று டாக்டர் சொன்னால் அட்மிஷனுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்கேன் பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்கள். சரியா? (கோவை)

பதில்: தவறு. நோயைக் கண்டறியும் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. பில்லோடு போய்த் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 48 கிலோ எடை. மூளை எம்.ஆர்.ஐ. கான்ட்ராஸ்டோடு எடுத்தோம். 10 மி.லி. மருந்து இரண்டு குப்பி என்று பில். கேட்டதற்கு "டோஸ் அப்படித்தான்" என்றார்கள். (நாமக்கல்)

பதில்: டோஸ் அப்படி இல்லை. எம்.ஆர்.ஐ.யில் போடுவது கடோலினியம் மருந்து. வழக்கமான அடர்த்தியில் கிலோவுக்கு 0.2 மி.லி. கணக்கு. 48 கிலோவுக்கு 9.6 மி.லி. ஒரு குப்பி போதும். இரட்டை அடர்த்தியுள்ள மருந்தாக இருந்தால் அதிலும் பாதிதான். ரத்தக்குழாய் படம் போன்ற சிலவற்றுக்குக் கூடுதலாகப் போடுவது உண்டு. அப்படியானால் ரிப்போர்ட்டிலேயே அளவு இருக்க வேண்டும். மருந்தின் பெயர், பேட்ச் எண், எம்.ஆர்.பி., போட்ட அளவு ஆகிய நான்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பாதி இடங்களில் அந்தக் கேள்விக்கே இரண்டாவது குப்பி பில்லிலிருந்து இறங்கிவிடும்.

கான்ட்ராஸ்ட் என்று சீட்டில் இருந்தால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே வெளியில் எடுத்துப் போங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும். அது இல்லாமல் போனால் அங்கேயே, அவர்கள் விலைக்கு எடுக்க வைப்பார்கள். சர்க்கரை மாத்திரை, கிட்னிப் பிரச்சினை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: டாக்டர் ஒரு சென்டர் பெயரை வட்டமிட்டுக் கொடுத்தார். 7,000 கட்டினேன். அதே வாரம் அதே சென்டரில், சீட்டு காட்டாமல் நேரடியாகப் போன பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே ஸ்கேன் 4,500. (மதுரை)

பதில்: இந்தக் கடிதம் மாதத்துக்கு நாலு வருகிறது. ஊர் மட்டும் மாறும்.

அந்த 2,500 எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ரெஜிஸ்ட்ரேஷன் கவுண்டரில் "ரெஃபர் பண்ணின டாக்டர் யாரு?" என்று கேட்பது ரிப்போர்ட்டில் பெயர் போட மட்டும் அல்ல. நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் வாங்குவதும் கொடுப்பதும் டாக்டர்களுக்குத் தடை. 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளின் 6.4ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் காசு கவரில் போகிறது, ஆதாரம் நோயாளி கையில் கிடைப்பதில்லை. மெஷின் வாங்கிய கடனைக் கட்ட சென்டருக்கு நாளுக்கு இத்தனை கேஸ் வேண்டும். கேஸ் அனுப்புகிறவருக்குப் பங்கு. அந்தப் பங்கு விலையில் ஏற்றப்பட்டு நோயாளி தலையில் விடிகிறது. டாக்டர் நாணயமாகக் கமிஷன் வேண்டாம் என்றாலும், சில இடங்களில் ஏற்றிய விலை இறங்குவதில்லை.

எல்லா டாக்டரையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. குறிப்பிட்ட ரேடியாலஜிஸ்ட் படத்தைச் சரியாகப் படிப்பார் என்ற நம்பிக்கையில் பெயர் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: "சார், இதே ஸ்கேனை 1.5 டெஸ்லாவில் வேறு இடத்தில் எடுத்து வந்தால் பார்ப்பீர்களா?" பார்ப்பேன் என்பவரிடம் தொடர்ந்து போங்கள். முகம் சுளித்தால் காரணம் கேளுங்கள். சென்டரில் "நேரடியாக வருகிறேன், நெட் ரேட் என்ன?" என்று கேளுங்கள். எழுத்தில் ஆதாரம் கிடைத்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம்.

கேள்வி: இன்ஷூரன்ஸில் வாங்கிவிடலாம் என்று ஒருநாள் அட்மிட் ஆகி எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தேன். ரிப்போர்ட் நார்மல். கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா? (சேலம்)

பதில்: இல்லை. பரிசோதனைக்காக மட்டும் படுத்தால் பணம் கிடையாது என்பது பாலிசியிலேயே, பொது விலக்குப் பட்டியலில் நான்காவதாக இருக்கிறது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது நீங்கள். சிகிச்சைக்காக அட்மிட் ஆகியிருந்தால், பாலிசியைப் பொறுத்து அதற்கு முந்தைய 30 அல்லது 60 நாளில் அதே நோய்க்கு எடுத்த ஸ்கேன் பில்லையும் சேர்த்து வாங்கியிருக்கலாம்.

கேள்வி: கணவர் கட்டட வேலையில் விழுந்து தலையில் அடி. கடன் வாங்கித் தனியாரில் ஸ்கேன் எடுத்தோம். பிலிம் மட்டும் கொடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் "படம் போதாது" என்று மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். (விழுப்புரம்)

பதில்: அம்மா, மறுபடி பணம் கட்டாதீர்கள். பிலிமில் வருவது பொறுக்கியெடுத்த சில படங்கள்தான். முழுப்படமும் சென்டரின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பில் நகலுடன் போய், முழுப் படத்தையும் சி.டி.யில் கேட்டு வாங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். மருத்துவ ஆவணத்தை நோயாளி கேட்டால் டாக்டர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது அதே 2002 விதிகளில் இருக்கிறது. மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இனி ஸ்கேன் தேவைப்பட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மையங்களில் சி.டி. 500 ரூபாய், எம்.ஆர்.ஐ. 2,500 ரூபாய். கான்ட்ராஸ்ட் தனி. அங்கேயே ஓ.பி. சீட்டுப் போட்டு, அந்தத் துறை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் கிடைக்கும். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள்.

கேள்வி: வயது 32, எந்தத் தொந்தரவும் இல்லை. உடல் முழுக்க சி.டி. பாதி விலை என்று விளம்பரம். எடுக்கலாமா? (சென்னை)

பதில்: வேண்டாம். வயிற்று சி.டி. ஒன்றில் வாங்கும் கதிர்வீச்சு, நெஞ்சு எக்ஸ்ரேயைப் போலப் பல மடங்கு. பாதி விலை என்ற எழுத்தைப் பார்த்து ஹெல்த் செக்கப் கூப்பன் இரண்டு வாங்கி, இரண்டையும் காலாவதியாக விட்டவன் சொல்கிறேன்.

கேள்வி: படத்தை லிங்க்கில் அனுப்புகிறார்கள். பிலிம் வேண்டாம் என்றால் விலை குறையுமா? (தஞ்சாவூர்)

பதில்: சில சென்டர்களில் குறைப்பார்கள், கேட்டால் மட்டும். லிங்க் காலாவதி ஆகும் முன் பென்டிரைவில் இறக்கிக்கொள்ளுங்கள்.