ஒரே டைம்டேபிள் இரண்டு பிள்ளைக்கும் ஒத்துவராது

கேள்வி: மகள் பிளஸ் டூ, மகன் பத்தாம் வகுப்பு. ட்யூஷன் வேண்டாம், நாங்களே படித்துக்கொள்கிறோம் என்கிறார்கள். அவள் இரவு 11 மணிவரை புத்தகமும் கையுமாக இருந்தும் பரீட்சையில் மறந்துபோகிறாள். அவனோ அரை மணியில் "முடிச்சிட்டேன்" என்று எழுந்துவிடுகிறான். இருவருக்கும் ஒரே டைம்டேபிள் எழுதி ஒட்டியும் பலனில்லை. ஒருவேளை அவன் வீடியோ பார்த்துப் படிக்கிற ரகமோ?
- ஒரு தாய், கரூர்

பதில்: முதலில் அந்த டைம்டேபிளைக் கிழித்துவிடுங்கள். இருவரும் தடுமாறும் இடம் வேறு வேறு.

மகளின் இயற்பியல் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். நிலைமின்னியல் குறிப்புகள் மூன்று வண்ணத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்து, கணக்குகள் மட்டும் தொடாமல் கிடந்தால், அது சோம்பல் இல்லை, பயம். தப்பாகிவிடுமோ என்று அஞ்சும் பிள்ளை, தெரிந்த பக்கத்தையே சுற்றிச் சுற்றி வரும். ரஃப் நோட்டில், பென்சிலால், எளிய கணக்கு மூன்று போடட்டும். 20 நிமிடத்துக்கு அலாரம். அடித்ததும் பாதிக் கணக்கானாலும் எழுந்துவிட வேண்டும். அரைகுறையாக விடப் பழகுவதுதான் அவளுக்குப் பயிற்சி. "எத்தனை முடிச்சே?" வேண்டாம். "எங்கே மாட்டுச்சு?" என்று கேளுங்கள்.

மகன் உங்களை ஏமாற்றவில்லை. கண்ணுக்குப் பழகியதை மனசு 'தெரிந்தது' என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. துடுக்கான பிள்ளைகளுக்கு இது சீக்கிரமே நடக்கும். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, இரண்டு முறை வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, ஒருமுறை வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 42.

எனவே ஒளியியல் படித்ததும் புத்தகத்தை மூடி, பத்துக்கு எவ்வளவு வாங்குவான் என்று அவனே தாள் ஓரத்தில் எழுதட்டும். பிறகு குவிலென்ஸ் கதிர்ப்படத்தைப் பார்க்காமல் பேனாவால் வரைந்து, அவனே திருத்த வேண்டும். மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் போதாது. விடையைப் பார்த்ததும் "இதைத்தான் நினைச்சேன்" என்றுவிடுவான். எட்டு என்று எழுதி நான்கு வாங்கினால் நீங்கள் வாயே திறக்க வேண்டாம். மறுநாளும் அடுத்த வாரமும் அதே படம். இந்த மார்க் பந்தயத்தை மகளிடம் மட்டும் வைத்துவிடாதீர்கள், பயம் கூடும்.

'பார்த்துப் படிக்கிற ரகம், கேட்டுப் படிக்கிற ரகம்' என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் மார்க் கூடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. லென்ஸுக்குப் படம் வேண்டும், செய்யுளுக்கு வாய்விட்டு வாசிக்க வேண்டும்; அது பாடத்தைப் பொறுத்தது.

மகளுக்குத் தூக்கம் கெடுகிறது, பரீட்சை நாளில் வாந்தி வருகிறது என்றால், படிப்பு முறையை மாற்றுவது மட்டும் போதாது. தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐ அழைத்து ஆலோசகரிடம் பேசுங்கள்.