பழகிய தொழிலோடு விண்வெளித் துறைக்கு: வேலூர் வட்டார வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

விண்கல உதிரிபாகங்களைத் தயாரிக்கும் ஆலையொன்றில் தர ஆய்வுப் பிரிவைக் கவனித்துவரும் ராணிப்பேட்டைக்காரர் ஒருவர், வேறு தொழில்களில் இருந்தபடியே இத்துறைக்கு வர விரும்பும் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.

ஆம்பூர் வாசகி: ஐயா, ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவின் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எனக்கு அங்கே இடம் உண்டா?

உண்டு அம்மா. செயற்கைக்கோளின் படங்களில் பொன்னிறமாக மின்னும் உறையைப் பார்த்திருப்பீர்கள். அது தங்கம் அன்று. அலுமினியம் பூசிய மெல்லிய பாலிமர் படலங்களைப் பல அடுக்குகளாக வைத்து, அவை ஒன்றையொன்று தொடாதபடி இடையிடையே வலைத்துணி கொடுத்துச் செய்யப்படும் வெப்பக் காப்புப் போர்வை. அடுக்குகள் நெருக்கமாக அழுந்தினால் அந்த இடத்தில் வெப்பம் கடந்துவிடும் என்பதால், தையல் எங்கே விழ வேண்டும், நூலை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே வரையறுக்கப்படுகின்றன. தவறான இடத்தில் ஊசி இறங்கினால் தோலில் விழுந்த துளை மூடாது என்பது உங்களுக்குத் தெரியும், படலத்திலும் அப்படித்தான். 1969-இல் நிலவில் நடந்தவர்கள் அணிந்திருந்த உடைகளைத் தைத்தவர்களும், உள்ளாடை தயாரித்து வந்த நிறுவனமொன்றின் தையல் பெண்களே.

அரசுப் பணிகளுக்குச் சான்றிதழ் கட்டாயம். ஆகவே செயற்கைக்கோள் மையம் உள்ள பெங்களூருவில், அதற்குப் பாகங்கள் செய்து தரும் தனியார் நிறுவனங்களை முதலில் அணுகுங்கள். விண்ணப்பத்தில் "மேற்பார்வை அனுபவம்" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. எத்தனை அடுக்குகளை, எந்த அளவுப் பிசகுக்குள் தைத்தீர்கள், கழிவான ஜோடி எந்த மேசையில் கெட்டது என்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: ஐ.டி.ஐ. முடித்து, பாய்லர் பாகங்களுக்கு வெல்டிங் செய்கிறேன். வயது 38.

இஸ்ரோவின் டெக்னீசியன் பணிக்கு வழக்கமான வயது வரம்பு 35; இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு என்பதால் அறிவிப்பைக் கவனமாகப் படியுங்கள். தனியாரிடம் அந்த வரம்பு பெரும்பாலும் தடையாவதில்லை. ராக்கெட்டின் எரிபொருள் தொட்டிகள் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனவை. கனமான எஃகைப் பற்றவைத்துப் பழகிய கை அதற்குப் புதிதாகப் பழகத்தான் வேண்டும். ஆனால் எழுதப்பட்ட வெல்டிங் நடைமுறையைப் பிசகாமல் பின்பற்றுவதும், தன் பற்றவைப்பை எக்ஸ்ரே படம் நிராகரிக்கும்போது காரணத்தைத் தேடுவதும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்த சென்னை அக்னிகுல் நிறுவனத்தின் ராக்கெட் எஞ்சின் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவானது. பற்றவைப்புகளின் எண்ணிக்கை குறையக்கூடிய திசை இது. ஆகவே எக்ஸ்ரே, மீயொலி போன்ற, பொருளைச் சிதைக்காத சோதனை முறைகளுக்கான சான்றிதழையும் பெற்றுக்கொள்ளுங்கள். பாகம் எப்படி உருவானாலும் அதைச் சோதிக்க ஆள் வேண்டும்.

வேலூர் செவிலியர்: ஆபரேஷன் தியேட்டர் அனுபவம் பயன்படுமா?

செயற்கைக்கோளின் பாகங்களைப் பொருத்தும் தூய அறைக்கு உங்கள் ஒழுக்கம் அப்படியே பொருந்தும். அங்கே கிருமியைவிடத் தூசும் விரல் எண்ணெயும்தான் பகை. அறுவை முடிந்ததும் பஞ்சையும் கருவிகளையும் எண்ணிக் கணக்கு ஒப்பிக்கிறீர்களே, அங்கும் ஒவ்வொரு திருகாணிக்கும் அதே கணக்கு உண்டு.

குடியாத்தம் வாசகர்: பெருந்தொகை வாங்கிக்கொண்டு "விண்வெளி வேலை உறுதி" என்று ஒரு பயிற்சி நிலையம் சொல்கிறது. சேரலாமா?

வேண்டாம்.

ஆரணி வாசகர்: வேளாண்மைப் பட்டதாரி நான். ராக்கெட்டுக்கும் எனக்கும் என்ன தொடர்பு?

ராக்கெட்டோடு தொடர்பு தேவையில்லை. மேலே போன செயற்கைக்கோள் அனுப்பும் படத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் போதிய அளவில் இல்லை என்பதே என் அனுபவம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் இஸ்ரோவின் புவன் இணையதளமும் உண்டு. டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் கட்டணமில்லாத வகுப்புகளை நடத்துகிறது. இலவச வரைபட மென்பொருளான கியூஜிஸைக் (QGIS) கற்றுக்கொண்டு, உங்கள் வட்டத்து ஏரிகளின் நீர்ப்பரப்பை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் வரைந்து பாருங்கள். ஆகாயத்தாமரை மூடிய ஏரியைக் கணினி பயிர்நிலம் என்று சொல்லும். கரையில் நின்று பார்த்தவருக்குத்தான் அது தண்ணீர் என்று தெரியும். பெங்களூருவில் கணினியின் முன் அமர்ந்திருக்கும் பொறியாளரிடம் இல்லாத தகுதி அதுவே. வரைபடத்தோடு, கணிப்பு எந்தெந்த ஏரிகளில் தவறியது, ஏன் தவறியது என்ற குறிப்பையும் விண்ணப்பத்தில் இணையுங்கள். நேர்காணலில் நான் முதலில் கேட்பது அதைத்தான்.