தியானமும் அனுப்பாத சரக்கும்

கேள்வி: எங்கள் பிரிவுத் தலைவர் தினமும் காலையில் பத்து நிமிடம் எல்லோரையும் தியானத்தில் உட்கார வைக்கிறார். அதட்டிப் பேசாத மனிதர். ஆனால் காலாண்டு முடியும்போது, அடுத்த மாதம் அனுப்பப்போகும் சரக்குக்கு இந்த மாதமே பில் போடச் சொல்கிறார். ‘எல்லோருக்கும் ஊக்கத்தொகை கிடைக்குமே, இதுவும் சேவைதான்’ என்கிறார். பில்லில் கையெழுத்து என்னுடையது. இனி அவரோடு தியானத்தில் உட்காரவே கூசுகிறது. என்ன செய்வது?
– கணக்குப் பிரிவு ஊழியர்

பதில்: அவரை வேடதாரி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். காலையில் அவர் மெய்யாகவே கண்ணை மூடுகிறார். காலாண்டு முடிவிலும் மூடிக்கொள்கிறார், அதுதான் சிக்கல்.

28 ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். ஒருமுறை இதே காரியத்தில் இறங்கினேன். அடுத்த காலாண்டில் அந்தத் தொகை அளவுக்குப் பள்ளம் விழுந்தது. அதை நிரப்ப, அனுப்பாத சரக்குக்கு முன்னைவிட அதிகமாக பில் போட வேண்டியிருந்தது. தணிக்கையாளர் வந்து, பில்லையும் கிடங்கின் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. விளக்கம் கேட்டது என்னிடம், சொன்னவரிடம் அல்ல.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஜான் வூல்மன் நினைவுக்கு வந்தார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 1740-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு கடையில் வேலை பார்த்தார். ஓர் அடிமைப் பெண்ணை விற்கும் பத்திரத்தை முதலாளி எழுதச் சொன்னார். வாங்கியவரோ வூல்மனின் பிரிவையே சேர்ந்த ஒரு முதியவர்! வூல்மன் மனம் ஒப்பாமலே எழுதினார். ஆனால் இது கிறிஸ்தவ சமயத்துக்கு ஒவ்வாதது என்று இருவரிடமும் சொல்லிவிட்டார். பின்னர் இன்னொருவர் இதே வேலையாக வந்தபோது நயமாக மறுத்துவிட்டார். 1772-இல் அவர் இறந்தார். 1776-இல் பிலடெல்பியா குவேக்கர்கள், அடிமை வைத்திருப்பவருக்குத் தங்கள் சபையில் இடமில்லை என்று முடிவெடுத்தார்கள். உங்கள் பில்லும் அந்தப் பத்திரமும் ஒன்றல்லதான். எழுதும் கை ஊழியருடையது என்பதில் மட்டும் மாற்றமில்லை.

தலைவரைத் தனியே பாருங்கள். சரக்கு கிடங்கைவிட்டுக் கிளம்பிய தேதியில்தான் பில் போடுவேன் என்று சொல்லுங்கள். வற்புறுத்தினால் அந்த உத்தரவை எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் தரமாட்டார்கள். ஊக்கத்தொகை போனதற்காகச் சக ஊழியர்கள் முகம் சுளித்தால், அதற்கு என்னிடம் மருந்தில்லை.

தியானத்தை விட்டுவிடாதீர்கள். அவரிடம் பேசப்போகும் அன்று அந்தப் பத்து நிமிடம் உங்களுக்கே வேண்டியிருக்கும்.